ஆனர்ஸா, முதுகலையா, மூன்றாண்டே போதுமா? டெல்டா மாணவருக்கு ஒரு விளக்கம்

காரைக்காலில் அரசுக் கல்லூரியில் படிக்கும் மாணவிக்கு மூன்றாம் ஆண்டின் முடிவில் ஒரு கேள்வி வருகிறது. பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியேறுவதா, நான்காம் ஆண்டும் இருந்து ஆனர்ஸ் பெறுவதா? சுமார் இருபது கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினத்தில் அதே பாடத்தைப் படிக்கும் மாணவிக்கு இந்தக் கேள்வியே எழாது. அவருடைய பட்டம் மூன்றாண்டில் முடிகிறது. அடுத்து எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி., இல்லையென்றால் பி.எட்., அதுவும் இல்லையென்றால் வேலை தேடல்.

புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தேசியக் கல்விக் கொள்கையின் நான்காண்டு முறையை 2023-24 கல்வியாண்டில் கொண்டுவந்தது. தமிழக மாநிலப் பல்கலைக்கழகங்கள் அதை ஏற்கவில்லை. காரைக்கால் நிலத்தால் டெல்டாவிலும் நிர்வாகத்தால் புதுச்சேரியிலும் இருப்பதால், இரண்டு முறைகளும் இங்கே அடுத்தடுத்த ஊர்களில் நடக்கின்றன. அக்கா மூன்றாண்டு படித்த வீட்டில் தங்கைக்கு நான்காம் ஆண்டு என்றால் பெற்றோர் குழம்பத்தான் செய்வார்கள். கூடுதலாக ஓராண்டோ இரண்டாண்டோ படித்தால் வேலை வாய்ப்பு உண்மையிலேயே கூடுமா என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

## பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்

ஆனர்ஸ் என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பட்டங்கள் புழங்குகின்றன. குழப்பத்தில் பாதி இதனால் வருவது.

1. வேளாண்மை ஆனர்ஸ். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. (ஆனர்ஸ்) வேளாண்மை ஒரு நான்காண்டுத் தொழிற்படிப்பு. தஞ்சாவூரை அடுத்த ஈச்சங்கோட்டைக் கல்லூரியில் தரப்படுவது இதுதான். இங்கே ஆனர்ஸ் என்பது பட்டத்தின் பெயரிலேயே உள்ள பகுதி. தேசியக் கல்விக் கொள்கைக்கு முன்பிருந்தே நடப்பில் இருப்பதால், புதிய விவாதத்தோடு இதைச் சேர்க்க வேண்டியதில்லை.

2. நான்காண்டு ஆனர்ஸ். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைக் கட்டமைப்பிலிருந்து வருவது. மூன்றாண்டில் 120 கிரெடிட் சேர்த்தால் சாதாரண இளநிலைப் பட்டம். நான்காண்டில் 160 சேர்த்தால் ஆனர்ஸ்.

3. ஆராய்ச்சியுடன் கூடிய ஆனர்ஸ். அதே நான்காம் ஆண்டுதான். ஆனால் முதல் ஆறு செமஸ்டர்களில் 75 சதவீதம் பெற்றவர்களுக்கு மட்டும் உரியது. 12 கிரெடிட் அளவுக்கு ஓர் ஆய்வேடு எழுத வேண்டும்.

கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்கப்படுகிறது என்பதைக் கொண்டு அதன் எடையைக் குறிக்கும் அலகு. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டுப் பட்டத்துக்கே 140 கிரெடிட் தேவை. காகிதத்தில் பார்த்தால், திருவாரூரில் மூன்றாண்டு படித்தவர் புதிய கட்டமைப்பின் மூன்றாண்டு மாணவரைவிட அதிகம் சேர்த்திருக்கிறார். இதை வைத்து யாரும் பெருமையோ குறையோ பேச முடியாது. ஒரு கிரெடிட்டை எப்படிக் கணக்கிடுவது என்பது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும்.

ஆனர்ஸ் முதுகலைக்குச் சமமா என்று பலரும் கேட்கிறார்கள். சமமில்லை. உயர்கல்வித் தகுதிக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டம் 5.5 என்ற நிலையிலும், நான்காண்டு ஆனர்ஸ் 6இலும், முதுகலை 6.5இலும் வைக்கப்பட்டுள்ளன. ஆனர்ஸ் நடுப்படி. அந்தப் படியில் நிற்பவர் இன்னும் ஓராண்டு படித்தால் முதுகலை கிடைக்கும். 2024இல் வெளியான முதுநிலைக் கட்டமைப்பு இந்த ஓராண்டு முதுகலைக்கு இடம் தருகிறது. மூன்றாண்டுப் பட்டதாரிக்கு அதே முதுகலை வழக்கம்போல இரண்டாண்டு. எந்த வழியில் போனாலும் பிளஸ் டூ முடித்து ஐந்தாண்டுகள் ஆகின்றன.

பிற மாநிலங்களிலும் நிலை சீராக இல்லை. டெல்லிப் பல்கலைக்கழகம் 2013இல் நான்காண்டு முறையைத் தொடங்கி 2014இல் கைவிட்டது. 2022இல் மறுபடியும் தொடங்கியது. கேரளம் 2024இல் நான்காண்டுக்கு மாறியது. கர்நாடகம் அதே 2024இல் நான்காண்டை விட்டு மூன்றாண்டுக்குத் திரும்பியது. அண்டை மாநிலங்கள் இரண்டும் ஒரே ஆண்டில் எதிரெதிர்த் திசையில் போன நிலையில், வேலை தருவோர் இந்தப் புதிய பட்டத்தை எப்படி மதிப்பிடுவார்கள் என்பது உறுதிப்படச் சில ஆண்டுகள் ஆகும்.

## ஒரு பட்டம் செய்யும் மூன்று வேலைகள்

கல்விக்கும் வேலைக்கும் உள்ள தொடர்பை மூன்றாகப் பிரித்தால் மற்றவை எளிதாகும்.

1. அனுமதி. விண்ணப்பிக்கும் உரிமையைப் பட்டம் தருகிறது. அறிவிக்கையில் கேட்கும் பட்டம் இல்லையென்றால் எவ்வளவு திறமை இருந்தாலும் தேர்வுக்கூடத்துக்குள் போக முடியாது.

2. திறன். படித்த காலத்தில் கற்றுக்கொண்டது வேலையில் நேரடியாக உதவுகிறது. ஆய்வகக் கருவியைக் கையாள்வது, கணக்கு முடிப்பது, நிரல் எழுதுவது, தெளிவாக எழுதுவது.

3. அடையாளம். விண்ணப்பதாரரைப் பற்றி வேறெதுவும் தெரியாத முதலாளிக்கு, இவர் பொறுமையாக உட்கார்ந்து படிக்கக்கூடியவர் என்று பட்டம் ஒரு குறிப்பைத் தருகிறது. எந்தக் கல்லூரி என்பது இங்கே பெரிதும் கணக்கில் வரும்.

பெருநகரங்களின் தனியார் துறையில் இரண்டாவதும் மூன்றாவதும் முக்கியம். டெல்டாவில் முதலாவதே மற்ற இரண்டையும் அமுக்கிவிடுகிறது. காரணம், இங்கே மாதச் சம்பளம் என்ற பெயருக்குத் தகுதியான வேலைகளில் மிகப் பெரும்பாலானவை விதிப்படி ஆள் எடுப்பவை: அரசுத் துறைகள், பள்ளி, கல்லூரி, வங்கி, கூட்டுறவுச் சங்கம், நுகர்பொருள் வாணிபக் கழகம், மின்வாரியம், ரயில்வே. பெரிய ஆலைகள் குறைவு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குப் பிறகு எண்ணெய், எரிவாயு போன்ற புதிய திட்டங்களுக்கும் இங்கே இடமில்லை. விளைநிலத்தைக் காக்க அது தேவையான சட்டம்தான். ஆனால் வேதியியல் பட்டதாரி உள்ளூரிலேயே ஆலை வேலையை எதிர்பார்க்க முடியாது என்பதும் அதன் விளைவுகளில் ஒன்று. தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட சிறிய டைடல் பூங்கா நல்ல தொடக்கம். ஆண்டுதோறும் டெல்டாக் கல்லூரிகளிலிருந்து வெளிவரும் பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் அது சிறிது.

எனவே, எம்.ஏ. படித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்பதில் பயனில்லை. எந்த வேலையின் அறிவிக்கையில் எம்.ஏ. என்று எழுதியிருக்கிறது என்று கேட்க வேண்டும்.

## கூடுதல் பட்டம் கணக்கில் வராத இடங்கள்

டெல்டா இளைஞர்கள் அதிகம் எழுதும் தேர்வுகளை எடுத்துக்கொள்வோம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். கிராம நிர்வாக அலுவலர் பதவியும் இதில்தான் வருகிறது. குரூப் 2, 2ஏ, குரூப் 1 மூன்றுக்கும் இளநிலைப் பட்டமே அடிப்படை. குடிமைப் பணித் தேர்வு, மத்திய அரசின் எஸ்.எஸ்.சி. பட்டதாரி நிலைத் தேர்வு, வங்கி அதிகாரி தேர்வு ஆகியவையும் அப்படியே. முதுகலை படித்தவருக்கு இவற்றில் ஒரு மதிப்பெண்கூடக் கூடுதலாகக் கிடைக்காது. எம்.எஸ்சி. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் குரூப் 4 தேர்வில் ஒரே வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள்.

வேலையில் சேர்ந்த பிறகாவது பயன் உண்டா? தமிழக அரசு ஊழியர்கள் பணியில் இருந்தபடியே உயர் பட்டம் பெற்றால் முன்பு ஊக்க ஊதிய உயர்வு கிடைத்தது. 2020 மார்ச்சில் அது நிறுத்தப்பட்டது. பிறகு ஒரே முறை வழங்கும் தொகையாக வேறு வடிவில் வந்திருக்கிறது. ஆண்டுதோறும் சம்பளத்தோடு சேர்ந்து வளரும் பழைய பலன் அதில் இல்லை. எம்.ஏ. முடித்தால் இரண்டு இன்கிரிமென்ட் என்று மாமா சொல்வது அவர் காலத்துக்கு உண்மை.

கூட்டுறவுத் துறை இன்னும் தெளிவான உதாரணம். மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்கள் வழியாக நடக்கும் உதவியாளர் தேர்வுகளுக்கு ஏதேனும் ஒரு பட்டத்தோடு கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். கூட்டுறவைப் பாடமாகப் படித்த சில பட்டங்களுக்கு விலக்கு உண்டு. நெல்லும் பயிர்க்கடனும் புழங்கும் டெல்டாவில் ஊருக்கு ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் இருக்கிறது. இந்தத் தேர்வுக்குப் போக நினைப்பவருக்கு எம்.காம். இரண்டாண்டு தராத அனுமதியைக் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி தருகிறது. எம்.காம். சேர்க்கைக்கு நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேர் இதை விசாரித்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

## முதுகலை இல்லாமல் நுழைய முடியாத இடங்கள்

இங்கே நின்று பார்க்க வேண்டும். டெல்டாவில் முதுகலையின் மதிப்பு பெரும்பாலும் ஆசிரியப் பணியைச் சுற்றியே இருக்கிறது.

1. மேல்நிலைப் பள்ளி. முதுநிலை பட்டதாரி ஆசிரியர் பணிக்கு உரிய பாடத்தில் முதுகலையும் பி.எட்.டும் வேண்டும். பட்டதாரி ஆசிரியர் பணிக்கு இளநிலையும் பி.எட்.டும் போதும், ஆனால் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட்டில் தேறியிருக்க வேண்டும். சம்பளத்தைப் பார்த்தால் சிரிப்பு வரும். பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,400 ரூபாய், முதுநிலை ஆசிரியருக்கு 36,900 ரூபாய். இரண்டாண்டுக் கூடுதல் படிப்புக்கு மாதம் 500 ரூபாய்!

உண்மையான வேறுபாடு நுழையும் வழியில் இருக்கிறது. பட்டதாரி ஆசிரியராக விரும்புபவர் டெட்டில் தேறிய பிறகு, 2018ஆம் ஆண்டு அரசாணைப்படி தனியே ஒரு போட்டித் தேர்வையும் எழுத வேண்டும். முதுநிலை ஆசிரியர் 11, 12ஆம் வகுப்புகளுக்கு உரியவர். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயது வரையிலான குழந்தைகளுக்கானது என்பதால், நேரடி நியமனத்துக்கு டெட் தேவைப்படுவதில்லை. ஆசிரியர் தேர்வு வாரியத்தின் ஒரே தேர்வோடு முடிகிறது. பணியில் உள்ள ஆசிரியர்களுக்கும் டெட் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தீர்ப்பளித்த பிறகு, இந்த வேறுபாட்டின் எடை கூடியிருக்கிறது.

குறையும் உண்டு. முதுநிலை ஆசிரியர் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. 2021இல் 2,207 இடங்களுக்கு அறிவிக்கை வந்தது. அடுத்தது 2025இல், 1,996 இடங்களுக்கு. நடுவே நான்கு ஆண்டுகள். அந்த இடங்களும் பாடவாரியாகப் பிரியும். மாநிலம் முழுவதும் உள்ளவர்கள் போட்டியிடுவார்கள். இந்த இடைவெளியில் தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் எடுக்கும் எம்.எஸ்சி., பி.எட். பட்டதாரிகளை மன்னார்குடியிலும் கும்பகோணத்திலும் தேடிப் போக வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள்.

2. கல்லூரி. மானியக் குழுவின் 2018 விதிகள்படி உதவிப் பேராசிரியராக முதுகலையில் 55 சதவீதமும், தேசிய, மாநிலத் தகுதித் தேர்வுகளான நெட் அல்லது செட் தேர்ச்சியோ பிஎச்.டி.யோ வேண்டும். ஆனர்ஸ் மட்டும் வைத்திருப்பவருக்கு இந்த வழி திறக்காது. நிரந்தர நியமனம் அரிது. அரசுக் கலைக் கல்லூரிகளில் பாதிப் பாரத்தைத் தொகுப்பூதியத்தில் இருக்கும் கௌரவ விரிவுரையாளர்கள் சுமக்கிறார்கள் என்பதையும் தெரிந்தே இந்த வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

3. பாடம் சார்ந்த மத்திய அரசுப் பணிகள். இந்தியப் பொருளாதாரப் பணிக்குப் பொருளாதாரத்தில் முதுநிலைப் பட்டம் கட்டாயம். புவியியலாளர் தேர்வுக்கும், நிலத்தடி நீர் வாரியத்தின் நீர்வள விஞ்ஞானி பணிக்கும் புவி அறிவியலில் முதுகலை வேண்டும். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிவரும் நாகை, வேதாரண்யம் பகுதி மாணவர்கள் இந்தத் துறையைப் பற்றி அதிகம் கேள்விப்படுவதே இல்லை என்பது வேடிக்கை.

4. வேளாண்மை. நான்காண்டு வேளாண் பட்டத்தோடு மாநில வேளாண்மை அலுவலர் தேர்வையும் வங்கிகளின் வேளாண் கள அதிகாரி தேர்வையும் எழுதலாம். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்கு இரண்டாண்டுப் பட்டயமே போதும். நீடாமங்கலம், சிக்கல் ஆகிய இடங்களில் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களில் தொழில்நுட்ப வல்லுநராகச் சேரத்தான் முதுகலை தேவைப்படும். ஒரே துறையில் பட்டயம், பட்டம், முதுகலை மூன்றுக்கும் தனித்தனி வேலை இருப்பதால், இங்கே யார் எதுவரை படிக்க வேண்டும் என்பதில் குழப்பம் இல்லை. கலை, அறிவியல் படிப்புகளுக்கு இப்படி ஒரு வரிசை அமையவில்லை. அவற்றின் சிக்கலே அதுதான்.

5. சமூகப் பணி, நூலகவியல், தொல்லியல். மருத்துவமனை, தொண்டு நிறுவனம், ஆலைத் தொழிலாளர் நலப் பிரிவு ஆகியவற்றில் எம்.எஸ்.டபிள்யூ. நுழைவுத் தகுதியாகவே இருக்கிறது. கல்வெட்டு, தொல்லியல் துறைகளிலும் முதுகலை கேட்பது வழக்கம்.

## தனியார் துறை

இங்கே விதி இல்லை, வழக்கம்தான் உண்டு. கும்பகோணத்தில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் எம்.காம். இருக்கிறதா என்பதைவிட ஜி.எஸ்.டி. கணக்கைத் தனியாகத் தாக்கல் செய்யத் தெரியுமா என்றுதான் கேட்பார்கள். மருந்து நிறுவனங்களின் தரப் பரிசோதனைக் கூடத்தில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவரும் நுழையலாம். ஆராய்ச்சிப் பிரிவுக்கு எம்.எஸ்சி. வேண்டியிருக்கும். தகவல் தொழில்நுட்பத்தில் பி.சி.ஏ., பி.எஸ்சி. கணினி அறிவியல் பட்டதாரிகளை வேலைக்கு எடுத்து, பணியில் இருந்தபடியே எம்.டெக். படிக்க வைக்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. அப்படி ஒரு வாய்ப்பு வந்தால் சொந்தச் செலவில் எம்.எஸ்சி. சேர்வதற்குக் காரணம் குறைவு. எம்.சி.ஏ. 2020-21 முதல் இரண்டாண்டாகச் சுருங்கியதால், கணிதமோ இயற்பியலோ படித்துவிட்டுத் துறை மாற நினைப்பவருக்கு அது இன்னும் நியாயமான பாலம்.

## நான்காம் ஆண்டு யாருக்கு?

ஆனர்ஸ் என்ற சொல்லைக் கேட்கும் பணி அறிவிக்கைகள் தமிழகத்தில் இல்லை என்றே சொல்லலாம். பட்டம் கேட்கும் தேர்வுகளுக்கு மூன்றாண்டே போதும். முதுகலை கேட்கும் பணிகளுக்கு ஆனர்ஸ் போதாது. ஆகவே நான்காம் ஆண்டோடு நிறுத்திக்கொள்பவருக்கு உள்ளூரில் கூடுதல் அனுமதி எதுவும் கிடைப்பதில்லை. விதிவிலக்கு ஆராய்ச்சி.

மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு பிஎச்.டி. விதிகள்படி, நான்காண்டு இளநிலையில் 75 சதவீதம் பெற்றவர் முதுகலை இல்லாமலே பிஎச்.டி. சேர்க்கைக்கு முயலலாம். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், வசதி படைத்த பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்தோர் ஆகியோருக்கு 5 சதவீதத் தளர்வு உண்டு. 2024 ஜூன் தேர்விலிருந்து நெட் எழுதவும் இந்த வழி திறந்திருக்கிறது. இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். டெல்டாவில் பல குடும்பங்களின் மாத வருமானத்தைவிட இது அதிகம். ஆராய்ச்சியில் உறுதியான ஆர்வம் உள்ள காரைக்கால் மாணவிக்கு நான்காம் ஆண்டு ஓராண்டை மிச்சப்படுத்துகிறது.

ஆனால் பிஎச்.டி. முடித்த பிறகு கல்லூரியில் கற்பிக்க வந்தால், முதுகலை எங்கே என்ற கேள்வி அங்கே நிற்கும். 2018 விதிகள் முதுகலையை விட்டுவிடவில்லை. மிச்சப்பட்ட ஓராண்டைப் பின்னால் வேறு வடிவில் திருப்பிக் கொடுக்க வேண்டி வரலாம்.

ஆய்வை வைத்து இளநிலைப் பட்டம் தருவது புதிதும் அல்ல. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்த ராமானுஜனுக்கு, கேம்பிரிட்ஜ் 1916இல் அளித்த பி.ஏ. ஆராய்ச்சிக்காகவே தரப்பட்டது. பட்டமே வேண்டாம் என்பதற்கு அவரை உதாரணம் காட்டுபவர்கள், பட்டம் இல்லாத குறையால் வேலை தேடி அலைந்து 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தவரும் அதே ராமானுஜன்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

## காலமும் பணமும்

அரசுக் கல்லூரியில் முதுகலைக் கட்டணம் பெரிதில்லை. உண்மையான செலவு, அந்த இரண்டாண்டில் சம்பாதிக்காமல் விட்டது. மாதம் 15,000 ரூபாய் வேலை ஒன்று கையில் இருந்து, அதை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாண்டில் 3,60,000 ரூபாய். அனுபவமும் சேராமல் போகிறது. கையில் வேலையே இல்லாதவருக்கு இந்தச் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம். அதனால்தான் வேலை குறைந்த ஊர்களில் முதுகலை வகுப்புகள் நிரம்புகின்றன. இதைச் சோம்பல் என்று சொல்வது நியாயமில்லை.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் வரும் மாதம் 1,000 ரூபாய் இளநிலையோடு முடிகிறது. பஸ் செலவுக்கும் புத்தகத்துக்கும் அதை நம்பியிருந்த வீட்டில் முதுகலையின் முதல் மாதமே இது தெரியும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லலாம். டெல்டாவில் பல பெண்களுக்கு எம்.ஏ., எம்.எஸ்சி. என்பது போட்டித் தேர்வு வரும்வரை, அல்லது வீட்டில் திருமணப் பேச்சு எழும்வரை, வெளியே போய்வர அனுமதி தரும் காலம். அந்த இரண்டாண்டை டி.என்.பி.எஸ்.சி. பாடத்திட்டத்தோடு பொருந்தும் வரலாறு, தமிழ், அரசியல் அறிவியல் போன்ற பாடத்தில் கழித்தால் இரட்டைப் பயன் உண்டு. தேர்வுத் திட்டமே இல்லாமல் கழித்தால் பட்டம் மட்டும் மிஞ்சும்.

வயதையும் பார்க்க வேண்டும். குரூப் 2, 2ஏ தேர்வுகளில் பிற்படுத்தப்பட்ட, பட்டியல் வகுப்புப் பட்டதாரிகளுக்கு உச்ச வயது வரம்பு இல்லை. குரூப் 1இல் அவர்களுக்கு 39. வங்கி அதிகாரி தேர்வில் 30. பிற்படுத்தப்பட்டோருக்கு 33, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35. வங்கியை நோக்குபவருக்கு முதுகலையும் பி.எட்.டும் சேர்ந்து நான்காண்டைத் தின்றுவிடும்.

## சராசரிச் சம்பளம் என்ற பொறி

முதுகலை படித்தவர்கள் சராசரியாக அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று விளம்பரங்கள் சொல்லும். அந்த ஒப்பீட்டில் இரண்டு ஓட்டைகள் உண்டு. முதலாவது, முதுகலைக்குப் போனவர்கள் ஏற்கெனவே நன்றாகப் படித்தவர்களாகவோ வசதியுள்ளவர்களாகவோ இருக்கலாம். கூடுதல் சம்பளம் பட்டத்தால் வந்ததா, ஆளால் வந்ததா என்று பிரிக்க முடியாது. இரண்டாவது, சராசரி என்பது வேலையில் இருப்பவர்களை மட்டும் எண்ணுகிறது. காத்திருப்பவர்கள் அதில் வருவதில்லை. படிப்பு கூடக் கூட வேலையின்மை விகிதம் உயர்வதை மத்திய அரசின் தொழிலாளர் ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவருகின்றன. அதிகம் படித்தவர் கிடைத்த வேலைக்கு உடனே போகாமல் தகுந்த வேலைக்குக் காத்திருப்பது அதற்கு ஒரு காரணம்.

## சேர்வதற்கு முன் பார்க்க வேண்டிய காகிதங்கள்

முதுகலைதான் என்று முடிவு செய்தவர்களில் சிலர் பட்டம் இருந்தும் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேற்றப்படுகிறார்கள். அந்தச் சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்:

1. பாடப் பொருத்தம். முதுநிலை ஆசிரியர் பணிக்கு இளநிலையும் முதுகலையும் ஒரே பாடத்தில் இருக்க வேண்டும். இயற்பியலில் பி.எஸ்சி. முடித்து எம்.ஏ. ஆங்கிலம் படித்தவர் இங்கே மாட்டிக்கொள்வார்.

2. இணைத்தன்மை. பட்டத்தின் பெயர் அறிவிக்கையில் உள்ள பெயரோடு பொருந்தாவிட்டால், இரண்டும் சமம் என்று கூறும் அரசாணை வேண்டும். அந்த அரசாணை அறிவிக்கை நாளுக்கு முன்பே வெளியாகியிருக்க வேண்டும் என்பது தேர்வாணையத்தின் நிலை. புதுப்புதுப் பெயர்களில் படிப்பு நடத்தும் தனியார் கல்லூரிகளில் சேர்பவர்களுக்கும், வெளிமாநில நான்காண்டுப் பட்டத்தோடு தமிழகத்தில் விண்ணப்பிப்பவர்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

3. படித்த வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் வராமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டங்களை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்று 2009ஆம் ஆண்டு அரசாணை சொல்கிறது.

4. தமிழ் வழி ஒதுக்கீடு. 20 சதவீத இடங்கள் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு. 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பள்ளியிலிருந்து அந்தப் பணிக்குக் கேட்கப்படும் தகுதி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பட்டமே தகுதியாக உள்ள பணிக்கு எம்.எஸ்சி.யை ஆங்கில வழியில் படித்ததால் பாதிப்பில்லை. முதுகலையே தகுதியாக உள்ள பணிக்கு, ஆங்கில வழி எம்.எஸ்சி. அதுவரை தமிழில் படித்து வைத்திருந்த உரிமையை எடுத்துவிடும். வகுப்பில் தமிழில் பாடம் நடந்தாலும், சேர்க்கைப் பதிவேட்டில் எந்த வழி என்று எழுதியிருக்கிறது என்பதையே சான்றிதழ் பின்பற்றும். சேரும் நாளிலேயே அலுவலகத்தில் கேட்டுப் பதிவு செய்துகொள்வது நல்லது. பட்டம் வாங்கிய பிறகு அதை மாற்ற வழியில்லை.